நாடலி சீமோன் டேவிஸும் ஹஸன் அல்வஸ்ஸானும்

சான்று பேசாத இடத்தில் வரலாற்றாசிரியர் எவ்வளவு தூரம் பேசலாம்? அறிவிப்பையும் அனுமானத்தையும் பிரித்தறியப் பழகிய மதரஸா மரபினருக்கு இவ்வினா புதிதன்று. அமெரிக்க யூதக் குடும்பத்தில் 1928இல் பிறந்து 2023இல் டொரொண்டோவில் மறைந்த வரலாற்றறிஞர் நாடலி சீமோன் டேவிஸின் ஆய்வு வாழ்வு முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

பதினாறாம் நூற்றாண்டு லியோன் நகரத்து அச்சுத் தொழிலாளர்களே அவர் முதலில் ஆராய்ந்த எளிய மக்கள். அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவைக் கண்டித்த ஒரு சிறுநூலின் காரணமாக, 1952இல் அவரிடமிருந்தும் கணவரிடமிருந்தும் கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. 1954இல் கணவர் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். பின்னர் சிறையும் சென்றார். பிரான்சின் ஆவணக் காப்பகங்கள் எட்டாத நிலையில், மூன்று குழந்தைகளை வளர்த்தபடியே, நியூயார்க் நூலகங்களிலிருந்த பழைய அச்சு நூல்களைக் கொண்டு டேவிஸ் ஆய்வைத் தொடர்ந்தார். முனைவர் பட்டம் 1959இல் கிட்டியது. டொரொண்டோவில் 1971இல் ஜில் கேர் கான்வேயுடன் இணைந்து பெண்கள் வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கினார். பெண்களைத் தனித்து ஆராய்ந்தால் போதாது, ஆண், பெண் இரு சாராரின் உறவையும் ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1987இல் அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த இரண்டாவது பெண் அவரே.

காணாமற்போன ஓர் உழவனாக வேறொருவன் நடித்து வாழ்ந்த வழக்கை ஆராயும் அவரது 'மார்ட்டின் கெரின் மீள்வருகை' 1983இல் வெளிவந்தது. அந்த மனைவி ஏமாந்தவள் அல்லள், அறிந்தே உடன்பட்டவள் என்றார் டேவிஸ். சான்றை மீறிய கற்பனை இது என்று 1988இல் ராபர்ட் ஃபின்லே மறுத்தார். ஃபின்லேயின் குறை பாதியே சரி என்பது நமது கருத்து. ஊகத்தை டேவிஸ் ஊகமென்றே சொல்கிறார். ஆனால் 'இருக்கலாம்'கள் அடுக்கடுக்காய் வரும்போது வாசகர் அதனை மறந்துவிடுகிறார்.

இதே முறையில்தான் 2006இல் அவர் ஹஸன் அல்வஸ்ஸானை எழுதினார். கிரனாடாவில் பிறந்து, ஃபாஸில் வளர்ந்து, தூதராய் இருந்த அல்வஸ்ஸான் 1518இல் கடற்கொள்ளையரிடம் சிக்கினார். போப் பத்தாம் லியோவிடம் ஒப்படைக்கப்பட்டு, 1520இல் ஞானஸ்நானம் பெற்றார். ஐரோப்பா அவரை லியோ ஆஃப்ரிக்கானஸ் என்றது. அவரோ அரபியில் யூஹன்னா அல்அஸத் என்று கையொப்பமிட்டார். ரோமில் அவர் வாழ்ந்த வாழ்வைத் தகிய்யா என்னும் கருத்தின் துணையோடு டேவிஸ் விளங்கிக்கொள்கிறார். அவரது மணவாழ்வு பற்றிய ஊகங்கள் நமக்கு வலுவாகத் தோன்றவில்லை. எனினும், அல்வஸ்ஸான் தம் நூலில் சொல்லும் ஒரு கதையை டேவிஸ் கையாளும் விதம் நுட்பமானது. வரி கேட்கப் பறவைகள் வந்தால் மீன்களிடமும், மீன்கள் கேட்டால் பறவைகளிடமும் ஓடிவிடும் ஒரு பறவையின் கதை அது. அதில் அவர் அல்வஸ்ஸானையே காண்கிறார்.