தோல் தொட்டியும் தொழிற்சாலைச் சட்டமும்

பழங்கிணற்றைத் தூர்வாரப் போகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அரிக்கேன் விளக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக்கூடாது. அடியில் பிராணவாயு குறைந்து கரியமில வாயு தேங்கியிருக்கிறது என்று பொருள். உழவர்களின் அருமையான அனுபவ அறிவு இது. ஆனால் இதே விளக்கை ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கினால், அது அணையாமலே எரிந்துகொண்டிருக்கக்கூடும். அதை நம்பி இறங்கியவர் மட்டும் திரும்பாமல் போகலாம். இது எப்படி நேர்கிறது?

பாலாற்றங்கரைத் தோல் தொழில் முதலில் பட்டையை நம்பிய தொழிலாக இருந்தது. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரை நீக்குவார்கள். பிறகு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் வாரக்கணக்கில் கிடத்துவார்கள். நாற்றத்துக்குக் குறைவில்லை, ஆயினும் இச்சரக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து நச்சுவாயுவைக் கிளப்புவன அல்ல. 1903ஆம் ஆண்டையொட்டி ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோம் உப்பால் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். எனினும் இப்பகுதியின் முகத்தை மாற்றியது 1970களில் மத்திய அரசு எடுத்த முடிவுதான். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டிக் கச்சாத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணிகளையுமே அனுப்ப வேண்டும் என்றாயிற்று. தந்தையும் மக்களும் சில கூலியாட்களுமாக நடத்திவந்த கொட்டகைகளுக்குள் சோடியம் சல்பைடும் கந்தக அமிலமும் குரோம் உப்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின.

இனி வேதியியலைக் கவனியுங்கள். சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்த்தால் மயிர் விரைவில் கழன்றுவிடும். அந்தக் கழிவுநீர் காரத்தன்மை உடையதாக இருக்கும்வரை சல்பைடு நீரிலேயே அடங்கிக் கிடக்கும். குரோம் ஏற்றுவதற்கு முன் தோலை அமிலத்திலும் உப்பிலும் ஊறவைக்கிறார்கள். அந்த அமிலக் கழிவு சல்பைடுக் கழிவோடு ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குபுகுபுவெனக் கிளம்புகிறது. எதுவும் கலக்காவிட்டாலும், காற்றுப் படாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் சல்பேட் உப்பிலிருந்து இதே வாயுவை மெல்ல மெல்ல உண்டாக்குகின்றன. சேற்றைக் கிளறும்போது அது ஒரேயடியாக வெளிப்படும்.

இவ்வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது. ஆகவே பள்ளத்தில் தங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறும். ஏறத்தாழ நூறு பங்கைத் தாண்டினாலோ முகரும் நரம்பே செயலிழந்துவிடும். "நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்" என்று எண்ணும் அந்த நொடியே பேராபத்தான நொடி. ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். ஆயிரம் பங்கு என்பது காற்றில் ஆயிரத்தில் ஒன்றுதான். அதனால் பிராணவாயு குறைவதில்லை, விளக்கும் அணைவதில்லை. வாயு நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் சேர்ந்தால் விளக்கே அதைத் தீப்பற்றவைத்துவிடும்!

இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில் நோய்கள் பற்றிய நூலில், மலக்குழி துப்புரவு செய்வோரின் கண்கள் கெடுவதையும், அவர்களிடமிருந்த வெள்ளி நாணயங்கள் கறுத்துப்போவதையும் குறித்திருக்கிறார். வெள்ளியைக் கறுக்கச் செய்வது இந்தக் கந்தக வாயுதான். இதே தத்துவத்தில், ஈய அசிடேட்டில் நனைத்த தாளும் இவ்வாயு பட்டால் கறுக்கும்.

சட்டத்தின் கதைக்கு வருவோம். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. எந்திர விசையோடு நூறு பேர் வேலை செய்தால்தான் அது பொருந்தும். தோல் கொட்டகைகள் அதன் கண்ணில் படவே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எந்திர விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் என்று வரம்பைக் குறைத்தது. அதன் 36ஆம் பிரிவை ஓர் அறிவியல் பாடமாகவே படிக்கலாம். தகுதி பெற்ற ஒருவர் தொட்டியைச் சோதித்து, வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தரவேண்டும். இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கவேண்டும். போபால் விபத்துக்குப் பின் 1987இல் செய்த திருத்தத்தில், தோல் பதனிடுதல் அபாயகரமான தொழில்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்க 85ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் உரிமையாளர் தம் குடும்பத்தாரை மட்டுமே துணைக்கு வைத்து நடத்தும் இடத்துக்கு அந்த நீட்டிப்பு செல்லாது. வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் நுழைய வேண்டாம் என்று கருதியிருப்பார்கள். மகனும் தம்பியும் இறங்கும் தொட்டி மட்டும் வேறு தொட்டியா என்ன?

1991இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் காக்கும் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. சுத்திகரிப்பு வசதி இல்லாமல் தோல் தொழிற்சாலை இயங்கக்கூடாது என்றாயிற்று. ஆற்றுக்கு நன்மைதான். ஆனால் கழிவுநீரைத் திரட்டிவைக்கும் கிணறுகளும் சேற்றுத் தொட்டிகளும் பெருகின. ஆற்றில் ஓடியது இப்போது மனிதன் இறங்கித் துப்புரவு செய்யவேண்டிய இடத்தில் தேங்கியது. 2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். அங்கே கொன்றது வாயுவன்று, சேற்றின் பாரம். என்றாலும் ஆற்றைக் காத்த தொட்டி ஆளைக் காக்கும்படி அமையவில்லை.

2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி தொழிற்சாலை எனப்பட எந்திர விசையோடு இருபது பேர், விசையின்றி நாற்பது பேர் வேண்டும். 1948இல் இறங்கிய வரம்பு மீண்டும் ஏறியிருக்கிறது.

இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். மூடிய இடங்களில் மாண்டவர்களைப் பற்றி அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. அவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர், முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் பின்னால் குதித்தவர்கள். குடும்பமாக நடத்தும் கொட்டகையில் விழுந்தவர் அண்ணனாக இருப்பார். குதிக்காதே என்று தம்பியிடம் யார் சொல்வது? கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்கட்டும் என்று சட்டம் எழுதியது இதற்காகத்தான். அவர் உள்ளே இறங்காமல், மேலிருந்தபடியே இழுத்துவிடலாம்.