கண்ணாடித் தொட்டியில் யாரைக் குடிவைப்பது?

இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீன் வளர்த்துச் சலித்துவிட்டது. சிறிய ஆமை, தவளை, பல்லியினம் இவற்றுள் ஒன்றை அதில் குடிவைக்கலாமா என்ற ஆசை எழுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? கடைக்காரரிடம் கேட்குமுன் வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம். இதே ஆசை கொண்டோர் உலகெங்கும் இருந்திருக்கின்றனர். அவர்கள் தேர்ந்தெடுத்த உயிர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

பெட்டி பிறந்த கதை

1829ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு என்பார், மூடிய கண்ணாடிக் குடுவை ஒன்றில் ஈரமண்ணை இட்டு, அதனுள் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்திருந்தார். சில நாட்களில் மண்ணிலிருந்து ஒரு சிறு பெரணியும் புல்லும் முளைத்தன. நகரப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் மடிந்துகொண்டிருக்க, குடுவைக்குள் இருந்தது மட்டும் செழித்தது. காரணம் எளியது. பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணையே சேர்ந்தது. புகை உள்ளே புகவில்லை. இவ்வகைப் பெட்டிகளில்தான் 1850ஆம் ஆண்டையொட்டி ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்கு அனுப்பினார்.

அதே காலத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று காத்து வாழும் என்று காட்டினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. நம் சென்னை மெரினாவிலும் 1909இல் ஒன்று தோன்றியது. செடிக்கும் மீனுக்கும் பிறகு மக்களின் கண் இருவாழ்விகள்மீதும் ஊர்வனமீதும் திரும்பியது.

விருந்தாளிகள் சிலர்

1864இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டில்கள் பாரிசுக்கு வந்தன. இவை வால் உள்ள இருவாழ்விகள். வளர்ந்த பின்னும் செவுள்களோடு நீரிலேயே வாழ்பவை. அவற்றுள் ஆறினைப் பெற்று ஆராய்ந்த துமெரில் என்ற விலங்கியலார், மறு ஆண்டு அவற்றின் குஞ்சுகளில் சில செவுள்களை இழந்து தரைவாழ் உயிர்களாக மாறியதைக் கண்டு வியந்தார். அந்தப் பாரிசு இனவழி உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகியது. ஆனால் தாயகத்தில் இன்று அவை சொச்சிமில்கோ ஏரிப் பகுதியின் கால்வாய்களில் மட்டுமே அரிதாக எஞ்சியுள்ளன. 20 பாகைக்கும் குறைவான குளிர்நீரை விரும்பும் இவ்வுயிர், 40 பாகையைத் தொடும் நம் கோடையில் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, அமெரிக்காவின் செங்காது ஆமை. கடையில் நாணய அளவில் இருக்கும்; வளர்ந்தாலோ ஏறத்தாழ ஓர் அடியை எட்டும். பல்லாண்டுகள் வாழும். குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா நோயைப் பரப்பியதால் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. தொட்டி போதாமல் போனபோது பலர் இவற்றை ஏரியில் விட்டனர். அங்கே இவை உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில்காயும் இடத்தையும் பறித்தன. 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் இவற்றின் இறக்குமதியை நிறுத்தியது.

ஆப்பிரிக்க நகத் தவளையின் கதையும் இத்தகையதே. பெண்ணின் சிறுநீரைச் செலுத்தினால், அவள் கருவுற்றிருப்பின் இத்தவளை முட்டையிடும் என்று 1930-களில் கண்டறிந்தனர். எனவே இவை பல நாட்டு மருத்துவமனைகளுக்கு ஏற்றுமதியாயின. 1990-களின் இறுதியில் இனங்காணப்பட்ட ஒரு பூஞ்சை, தவளைகளின் தோலைத் தாக்கி உலகெங்கும் பல இனங்களை அழித்துவருகிறது. உயிருள்ள தவளைகளின் வணிகமே அதை நாடுவிட்டு நாடு கொண்டுசென்றது என அறிஞர் கருதுகின்றனர்.

நம் நாட்டு உயிர்கள்

அயல்நாட்டு உயிர் வேண்டாம், நம் ஊரில் கிடைப்பதையே வைப்போம் என்பீர்கள். வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமை கண்ணைக் கவரும். அதன் ஓட்டில் மஞ்சள் கோடுகள் விண்மீன்போல் விரிவது காய்ந்த புல்லில் மறைந்துகொள்வதற்கே. அவ்வழகே அதற்குப் பகையாயிற்று. நம் நாட்டின் ஒரே வணிக மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிபடுவதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019இல் ஜெனிவாவில் கூடிய பன்னாட்டு மாநாடு இதன் வணிகத்தை முற்றிலும் தடுக்கும் முதற்பட்டியலில் இதைச் சேர்த்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகும்.

வயல் தவளையோ? அதன் காலுக்காக 1981இல் மட்டும் 4,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதி நடந்தது. பூச்சிகளைத் தின்னும் தவளை வயலைவிட்டுப் போனால் உழவனுக்கு நட்டம் என்று அறிவியலார் எடுத்துரைத்தபின், 1987இல் அரசு அதைத் தடை செய்தது. ஒருவர் ஒரு தவளையைப் பிடிப்பதால் வயல் வெறுமையாகிவிடாதுதான். ஆயினும் உயிருள்ள, அசையும் இரையை நாள்தோறும் தேடிக்கொடுக்க உங்களால் முடியுமா?

தொட்டியை மாற்றுவோம்

பச்சைமலை அடிவாரத்தில் பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடி போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. மழை பெய்தால் உயிர்கள் தாமே தேடி வரும். கண்ணாடித் தொட்டியில் வார்டு செய்ததுபோலப் பெரணியும் பாசியும் வளருங்கள். கொல்லைப்புறத்து நிழலில் அகன்ற மண்தொட்டி ஒன்றைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, ஒரு சாண் ஆழம் மழைநீர் விடுங்கள். உயிர்கள் ஏறி இறங்க ஒரு கல்லைச் சாய்த்து வையுங்கள். கொசுப்புழு தென்பட்டால் சிறு வலையால் அள்ளிவிடுங்கள். கைக்குழந்தை உள்ள வீடாயின் மேலே கம்பிவலை அவசியம். தவளை நுழையும் அளவுக்கு அதன் கண்கள் இருக்கட்டும்.

தேரை வந்தால் முட்டைகளை நீண்ட சரமாக இடும். மரத்தவளை வந்தால் நீருக்குமேல் நுரைக்கூடு கட்டும். அதிலிருந்து தலைப்பிரட்டைகள் நீரில் சொட்டும். பின்கால் முதலில் தோன்றும், முன்கால் பிறகு, வால் சுருங்கும். ஏறத்தாழ ஐந்தாறு வாரங்களில், துமெரில் பாரிசில் வியந்து நோக்கியதை ஒத்த உருமாற்றம் உங்கள் கொல்லையிலேயே நிகழும். தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். எது வரும், எப்போது போகும் என்பதை மட்டும் அந்த உயிர்களிடமே விட்டுவிடுங்கள்.