நின்ற இடத்தில் சூடேறும் கார் இன்ஜின்

ஓடும்போது இயல்பான வெப்பத்தில் இருக்கும் கார் இன்ஜின், சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ நிற்கும்போது மட்டும் சூடேறுவது தனி வகைக் கோளாறு. நெடுஞ்சாலையில் சூடேறும் கோளாறிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு. எப்போது சூடேறுகிறது என்று விசாரிக்காமல் உதிரிபாகங்களை மாற்றத் தொடங்குவது காசைக் கரைக்கும் வேலை.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாக வெளியேறியாக வேண்டும். வாட்டர் பம்ப் கூலன்ட்டைச் சுற்றிவிடுகிறது. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே காற்று சூட்டை வாங்கிக்கொள்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே இதற்குப் போதும். வண்டி நின்றால் ஃபேன் மட்டுமே துணை. ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 700–900 சுற்றுகளே சுற்றுவதால் உண்டாகும் வெப்பமும் குறைவுதான். அந்தக் கொஞ்ச வெப்பமே வெளியேறவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றோட்டத்தை. ரேடியேட்டரின் உள்ளடைப்பும் சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட்டும் பெரும்பாலும் வேகத்திலும் ஏற்றத்திலும்தான் தம்மைக் காட்டிக்கொள்ளும்.

அம்பாசடர் போன்ற பழைய கார்களில் ஃபேன், வாட்டர் பம்ப் புல்லியிலேயே பொருத்தப்பட்டிருந்தது. பெல்ட் அறாதவரை அது சுழலும். ஆனால் ஐட்லிங்கில் அதன் வேகமும் குறைந்துவிடும். 1983இல் வந்த மாருதி 800 போன்ற, இன்ஜினைக் குறுக்காகப் பொருத்திய கார்களில் மின்சார ஃபேன் இடம்பெற்றது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் இந்த ஃபேன் தன் வேகத்திலேயே சுழலும். கூடவே மோட்டார், ஃபியூஸ், ரிலே, சென்சார், ஒயரிங் எனப் பழுதாகும் இடங்களும் பெருகின.

வெப்பமானி முள் ஏறுவதற்கு முன்பே ஒரு அறிகுறி தெரியும். வண்டி ஓடும்போது குளிரும் ஏசி, சிக்னலில் நின்றதும் வெறும் காற்றாகிவிடும். ஏசியின் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் அதே காற்றை நம்பி இருப்பதால், ஃபேன் தளர்ந்தால் முதலில் அடிபடுவது ஏசிதான். கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து கேஸ் நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பல நவீன கார்களில் முள் 80 டிகிரியிலிருந்து 100ஐத் தாண்டியும் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது அசையும்போது நிலைமை முற்றியிருக்கும். ஸ்கேனரில் சென்சார் அளவை நேரடியாகப் பார்ப்பதே நம்பகமானது.

சோதனையை ஃபேனிலிருந்து தொடங்குவது வழக்கம். ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். அடுத்து, ஃபேன் ரிலேயைக் கழற்றிவிட்டு அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயைச் செருகிப் பார்க்கலாம். அப்படியும் அசையாவிட்டால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்போது சுழன்றால் மோட்டாரில் குறையில்லை, ஒயரிங்கிலோ சென்சாரிலோ தேட வேண்டும். மோட்டாரின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் சில வண்டிகளில் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் மட்டும் உருகி உள்வாங்கியிருக்கும். அந்த ஒரு பின்தான் கோளாறு முழுவதும்.

ஃபேன் சுழல்கிறது என்பதாலேயே அது காற்றை இழுக்கிறது என்றாகிவிடாது. முன் கிரில்லில் ஒரு தாளை வைத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுழன்று தாளைத் தள்ளிவிடும். ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுட் உடைந்திருந்தாலும் இழுவை குறையும். பலர் பார்க்கத் தவறும் இடம் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்து. முன்பக்கம் பளிச்சென்று இருக்க, உள்ளே செம்மண், பூச்சி இறகு, பஞ்சு எல்லாம் கலந்து கம்பளம்போல அப்பியிருக்கும். பிரஷர் வாட்டரை நேராகப் பாய்ச்சினால் ஃபின்கள் மடங்கிவிடும். பின்பக்கமிருந்து மெல்லக் கழுவ வேண்டும்.

காற்றில் குறையில்லை என்று உறுதியான பிறகே கூலன்ட் பக்கம் போக வேண்டும். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி 2,000 சுற்றில் நிறுத்தும்போது வெப்பம் இறங்கினால், வாட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம். ஜீப் வகை வண்டிகளில் ஃபேன் கிளட்ச் நழுவலாம். இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் குறைந்திருக்கிறது அல்லது ஏர்லாக் ஆகியிருக்கிறது. மூடியையும் சோதிக்க வேண்டும். பல கார்களில் 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தம் தாங்கும் மூடியால்தான் தண்ணீரின் கொதிநிலையே 120 டிகிரிக்கு அருகில் போகிறது. ரப்பர் வாஷர் இறுகிப்போன மூடி அந்த அழுத்தத்தைக் காக்காது. டேங்கில் இடைவிடாமல் குமிழி வருவது, காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஹோஸ் கல்லாக இறுகுவது, ஆயில் பால் கலந்த டீ நிறமாவது ஆகியவை ஹெட் கேஸ்கட் போனதன் அடையாளங்கள். டேங்கின் வாயில் வைக்கும் நீலச் சோதனைத் திரவம் இன்ஜினில் எரிந்த வாயு பட்டு மஞ்சளானால் சந்தேகம் தீரும்.

நம் ஒர்க்‌ஷாப்புகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நின்றால் சூடேறும் வண்டிக்கு இது மருந்தே அல்ல. காற்று இல்லாத ரேடியேட்டருக்குள் கூலன்ட்டை எத்தனை வேகமாகச் சுற்றினாலும் சூடு இறங்காது. மற்ற நேரத்தில் இன்ஜின் உரிய வெப்பத்துக்கு வராமல் பெட்ரோலைத்தான் கூடுதலாகக் குடிக்கும். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றுவதும் கேடு: அதன் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து, இன்னொரு கோளாற்றையும் சேர்த்துக் கொடுக்கும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். அரைமணி நேரமாவது ஆறாமல் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. அழுத்தம் விலகியதும் உள்ளே இருப்பது ஆவியாகச் சீறி முகத்தைச் சுட்டுவிடும். பழுது பார்த்தபின் கூலன்ட்டை நிரப்பி, ஹீட்டரைத் திறந்துவைத்து ஏர்லாக்கை எடுத்துவிட வேண்டும். அதன்பின் ஏசி இல்லாமல் ஐட்லிங்கிலேயே வண்டியை விட்டு, ஃபேன் இரண்டு மூன்று முறை தானாகச் சுழன்று நின்ற பிறகுதான் உரிமையாளர் கையில் கொடுக்க வேண்டும்.