கம்பிவழி வந்த நேரம்

எண்கடிகாரம் தன் நேரத்தைப் பிறிதொரு கடிகாரத்திடமிருந்தே பெறுகிறது. அந்நேரத்தைக் கம்பி வழியே அனுப்பும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. 1852ஆம் ஆண்டிலேயே கிரீன்விச் வானாய்வகம் தந்தி வழியே நேரக்குறிகளை அனுப்பியது.

முனையங்களை மோடங்களுடன் இணைக்க 1960இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 தரம், பின்னர்க் கணினி கடிகாரத்துக்கு நேரம் உரைக்கும் வாயிலாயிற்று. அதில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் எனக் கொண்டால், மணி, நிமிடம், வினாடி ஆகியவற்றைக் குறிக்கும் ஆறு இலக்கங்கள் சென்றடைய 6 மில்லிவினாடிக்கு மேலாகும். அனுப்பிய நேரம் வழியிலேயே பழையதாகிவிடுகிறது.

இக்குறையைக் களையும் வழியை, அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 1988இல் தொடங்கிய தொலைபேசிச் சேவையில் காண்கிறோம். அங்கிருந்து வரும் நேரக்குறியைக் கணினி உடனே திருப்பி அனுப்பும். குறி போய்வந்த காலத்தை நிறுவனம் அளந்து, அதில் பாதியளவு முன்னதாகவே அடுத்த குறிகளை விடுக்கும். போக்கும் வரவும் சமம் எனக் கொள்வதே இம்முறையின் அடிப்படை.

பள்ளி ஆய்வகத்தில் கடிகாரமொன்றைக் கணினியால் திருத்தும் மாணவரும் இதனைச் செய்து பார்க்கலாம். நேரத்தை அனுப்புவதோடு நில்லாது, கடிகாரத்தின் மறுமொழியையும் பெற்றாலன்றி, அது காட்டும் நேரம் சரியென நாம் துணிதல் இயலாது.