சென்னைக் குடிசைப் பகுதிப் பெண்களின் சிறுவணிகமும் கைமுதலும்

சென்னைக் குடிசைப் பகுதிகளில் பூ, காய்கறி, மீன், இட்லி விற்ற பெண்களுக்குத் தொழில் தெரியாத குறை இருந்ததில்லை. கோயம்பேடு சந்தை 1996-இல் திறக்கப்படும் முன்பு, அவர்கள் கொத்தவால் சாவடியில் விடியுமுன் சரக்கெடுத்து வந்து பொழுது சாய்வதற்குள் விற்றுத் தீர்த்தார்கள். குறை, காலையில் சரக்கெடுக்கத் தேவைப்பட்ட கைமுதலில்தான் இருந்தது.

அந்தப் பணம் பெரும்பாலும் தண்டலில் வந்தது. கடன்தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். முழுத்தொகையும் நாள்தோறும் தவணையாகத் திரும்ப வேண்டும். நன்றாக விற்ற நாளிலும் லாபத்தின் பெரும்பங்கு தண்டல்காரருக்கே போனது. 1972-இல் ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் அரசு வங்கிகளில் வந்திருந்தது. ஆனால் ஈடு இல்லாத, படிவம் நிரப்பத் தெரியாத, வங்கி திறந்திருக்கும் நேரத்தில் தெருவில் விற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது எட்டவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப ஜெயா அருணாசலம் 1978-இல் சென்னையில் 'வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒரே தெருவில் வாழும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றனர். யார் எவ்வளவு விற்கிறார், யாருடைய கணவர் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறார் என்பது அண்டைவீட்டாருக்குத் தெரியும். எந்த வங்கி அதிகாரிக்கும் அது தெரியாது. ஈட்டுக்குப் பதிலாக இந்த அறிவே நின்றது. முதலில் அரசு வங்கிகளின் கடனையே குழுக்கள் பெற்றன. பின்னர் 1981-இல் உறுப்பினர்களுக்கென்றே கடன் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அமைப்பு சென்னையைத் தாண்டி அதிராம்பட்டினம் மீனவப் பெண்களிடமும், ஆந்திராவின் நரசாபுரம் லேஸ் பின்னல் தொழிலாளர்களிடமும் பரவியது. ஜெயா அருணாசலத்துக்கு 1987-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

அரசும் இதே வழியில் வந்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் உருவானது. 1989-இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1990-களின் இறுதியில் 'மகளிர் திட்டம்' வழியாக அவை மாநிலமெங்கும் பரவின.

கடன் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் செங்கல்பட்டுக் கடற்கரையில் பொருந்தாது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கரையேறும் மீனை ஏலத்தில் எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் பெண்களுக்குக் கைமுதல் அன்றன்றைக்கே வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் படகும் வலையும் இழப்புக் கணக்கில் எளிதாக ஏறின. கூடையும் மறுநாள் ஏலத்துக்கான பணமும் அவ்வளவு எளிதாக ஏறவில்லை. அதோடு, விற்பதற்கு நிலையான இடமும் வேண்டும். சாலையோரம் உட்கார்ந்து விற்பவரை எந்நேரமும் எழுப்பிவிடலாம் என்றால், கடனில் வாங்கிய மீன் வெயிலில் கெட்டுப்போகும். தவணை மட்டும் நிற்காது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் முறையான ஏற்பாடு இல்லாமல் வியாபாரிகளை அப்புறப்படுத்துவதைத் தடுக்கிறது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக வருவோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.