பூக்காத கொடி

மணிபிளாண்டைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, திருடித்தான் வைக்கணும் என்பார்கள். அந்தக் கொடியின் வரலாறே இந்த ஒரு வரியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இதன் பூர்வீகம் பசிபிக் கடலின் மூரியா தீவு. 1880-இல் லிண்டனும் ஆந்த்ரேயும் 'போத்தோஸ் ஔரியஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஔரியஸ் என்றால் பொன்னிறம். இலையில் ஓடும் மஞ்சளுக்கான பெயர். ஆனால் ஒரு செடி எந்தப் பேரினம் என்று தீர்மானிக்கப் பூ வேண்டும். இதுவோ பூக்கவே மாட்டேங்குது. 1908-இல் எங்ளர் இதை சிண்டாப்சஸ் ஆக்கினார். 1962-இல் அபூர்வமாக ஒரு பூ கிடைத்தது. 1964-இல் 'எபிப்ரெம்னம் ஔரியம்' ஆனது. நர்சரிகளில் இன்னமும் போத்தோஸ்தான்.

காரணம் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது: ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை உருவாக்க உதவும் மரபணு ஒன்று இதில் சரியாக இயங்குவதில்லை. ஹார்மோனைத் தெளித்ததும் கொடி பூத்தது. வீட்டில் பூவும் இல்லை, விதையும் இல்லை. அதனால் கணுவோடு கிள்ளிய துண்டாக, கைமாறிக் கைமாறித்தான் உலகம் சுற்றியிருக்கிறது.

அந்தப் பொன்னிறமும் நம்ம கையில்தான். மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு. வெளிச்சம் போதாவிட்டால் புது இலைகள் பச்சையாகவே வரும். நேர்வெயில் படாத ஜன்னலோரம் போதும். முழுப்பச்சையாக ஓடும் தண்டை வெட்டிவிட்டு, மஞ்சள் ஓடிய கணுவை நட்டுவையுங்கள். இப்படிப் பார்த்துப் பார்த்துக் கிள்ளிய கைகள்தான் 1880-இன் பொன்னை நம் வீட்டுக் கண்ணாடி பாட்டில்வரை கொண்டுவந்தன. கிள்ளியவர்களில் சிலர் திருடர்கள்.