சிறு ஜமாஅத்தும் பெரு ஜமாஅத்தும்

ஓர் ஊரின் ஓரத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் புதிதாய்க் குடியேறுகின்றன. தம்முள் காசு சேர்த்துத் தகரக் கூரை வேய்ந்து ஒரு தொழுமிடத்தை அமைத்துக் கொள்கின்றன. ஒன்றரை சஃப் நிற்கும் அந்த இடத்தில் ஒருவர் இரண்டு வக்து வரவில்லையென்றால், மூன்றாம் வக்துக்குள் அவர் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. காய்ச்சலா, வெளியூர்ப் பயணமா என்று விசாரிக்கப்படுகிறது. ஆண்டுகள் சில கழிகின்றன. கூரை போய் மாடி எழுகிறது; மினாரா உயர்கிறது; ஜும்ஆவுக்கு ஆயிரம் பேர் கூடுகின்றனர். பக்கத்தில் நிற்பவரின் தோள் நம் தோளில் படுகிறது. அவர் பெயர் மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

இந்த மாற்றத்தைக் கண்டவர்கள், "முன்னைப் போல் மனிதர்கள் இல்லை; உள்ளத்தில் ஈரம் வற்றிவிட்டது" என்று பெருமூச்செறிகின்றனர். பெரும்பாலும் அதே மனிதர்கள்தாம், அவர்களுடைய மக்கள்தாம் அங்கே இருக்கின்றனர். அங்ஙனமாயின் மாறியது யாது? உள்ளமா, எண்ணிக்கையா? சிறியதும் புதியதுமான கூட்டத்தில் நிலவும் பரிவு, கூட்டம் பெருகியதும் ஏன் மெலிகிறது? மெலிந்தே தீரவேண்டுமா? வரலாற்றிடம் இவ்வினாக்களைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் நம் கண்ணெதிரே நிற்கும் சான்று ஒன்றைக் காண்போம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீல வரம்பாய்த் தெரிவது கல்வராயன் மலை. கோமுகி ஆறு பிறக்கும் அம்மலையில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே அதன் பொருள். கேரளத்தோடு அதற்குத் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இம்மக்கள் வழிவழியாகக் கூறும் மரபுரை. அண்ணன் தம்பியர் மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சை மலைக்கும், இளையவர் கொல்லி மலைக்கும் சென்றனராம். இது நடந்த நிகழ்ச்சியா, புனைந்த கதையா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். அறியாத மலைக்குள் சிலராய் நுழைந்த மக்கள், தம்மை ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளாய் எண்ணிக்கொள்வதை இன்றியமையாததாகக் கருதினர் என்பதை அக்கதை நமக்கு உணர்த்துகிறது. காட்டைத் திருத்தவும், சாமையும் தினையும் விதைக்கவும், நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிச் செல்லவும் ஒவ்வொரு கையும் தேவைப்பட்டது. தேவைப்பட்ட கைக்கு மதிப்பும் இருந்தது.

ஆயினும் சிறுமையே அன்பைப் பிறப்பித்துவிடும் என்று நாம் முடிவு கட்டிவிட இயலாது. அதே கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்தது. மலைமக்கள் அவர்களுக்கு வரியும் கொடுத்தனர். கூலியில்லா உழைப்பும் கொடுத்தனர். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் சென்றபின், 1976ஆம் ஆண்டில்தான் அந்த ஆளுகை முடிவுக்கு வந்து மலை முழுதும் அரசின் கைக்கு வந்தது. ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு சமுதாயத்தில், அந்த அறிமுகமே சில வேளைகளில் கட்டிப்போடும் கயிறாகவும் ஆகிவிடுகிறது. மறைந்துகொள்ள இடமில்லாத ஊரில் மறுத்துப் பேசவும் இடமிருப்பதில்லை. அறிமுகம் பரிவாக மலர்வதும் பிடியாக இறுகுவதும் அதை வைத்திருப்பவரின் நோக்கத்தைப் பொறுத்தது. இந்தக் கருத்தை நினைவில் இருத்திக்கொண்டு, மலையை விட்டு மக்காவுக்குச் செல்வோம்.

ஸஃபா குன்றின் அருகே அர்க்கம் (ரலி) அவர்களின் இல்லத்தில் கூடிய தொடக்ககால முஸ்லிம்கள் மிகச் சிலரே. உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது அவர்களின் தொகை நாற்பதை ஒட்டியிருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். குரைஷிக் குடியின் செல்வரும் அபிசீனிய அடிமையும் ஒரே பாயில் அமர்ந்த இடம் அது. கி.பி. 615இல் அபிசீனியாவுக்குப் புறப்பட்ட முதற்குழுவில் ஆண்களும் பெண்களுமாகப் பதினைந்து பேர் அளவில்தான் இருந்தனர். அவர்களுக்குள் இருந்த பிணைப்புக்குக் காரணங்கள் தெளிவானவை. எல்லாரும் புதியவர்கள், ஆகவே 'நான் பழையவன்' என்று முன்வரிசை கேட்பார் எவருமில்லை. எல்லாரும் தேவையானவர்கள், ஒருவர் குறைந்தால் அக்குறை உடனே தெரியும். எல்லாரும் ஒரே இடரில் இருந்தவர்கள். ஆகவே ஒருவரின் துன்பம் மற்றவருக்குச் செய்தியாக வராமல், தம் துன்பமாகவே வந்தது.

இவை யாவும் சூழ்நிலை தந்தவை. சூழ்நிலை மாறினால் இவையும் மாறும் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்குணர்ந்திருந்தார்கள் என்பதற்கு மதீனாவின் வரலாறே சான்று. கி.பி. 622இல் அகபா என்னுமிடத்தில் யத்ரிபைச் சேர்ந்த 73 ஆண்களும் 2 பெண்களும் உறுதிமொழி அளித்தனர். எழுபத்தைந்து பேர் என்பது பெருங்கூட்டமன்று. ஆயினும் அவர்களுக்குள் பன்னிரண்டு நகீபுகளை, அதாவது பொறுப்பாளர்களை, அவர்களே தேர்ந்தெடுக்குமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்கள். கஸ்ரஜ் குலத்தில் ஒன்பதின்மர், அவ்ஸ் குலத்தில் மூவர். கூட்டம் பெருகுமுன்பே, யாருக்கு யார் பொறுப்பு என்பது வகுக்கப்பட்டுவிட்டது.

ஹிஜ்ரத்துக்குப் பின் வந்தது முஆகாத் எனப்படும் சகோதரத்துவ ஏற்பாடு. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர் ஒருவரையும் மதீனாவின் அன்சாரி ஒருவரையும் பெயர் சொல்லி இணைத்தார்கள். நாற்பத்தைந்து இணைகள், தொண்ணூறு பேர் என்பது ஒரு கணக்கு. 'முஸ்லிம்கள் யாவரும் சகோதரர்' என்ற பொதுவிதி இருக்கவே இருந்தது. அது போதுமென்று விட்டுவிடாமல், 'உன் சகோதரர் இன்னார்' என்று விரல் நீட்டிக் காட்டியதில்தான் நுட்பம் இருக்கிறது. எல்லாருக்கும் உறவு என்பது யாருக்கும் உறவில்லை என்பதாக முடிந்துவிடக் கூடாதன்றோ? ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்ததும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவரை வாழ்த்திவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டதும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். கொடுப்பவர் முழு மனத்தோடு கொடுக்க முன்வந்தார். பெறுபவர் தன்மானம் குன்றாமல் தம் காலில் நின்றார். நெருக்கம் சுமையாகிவிடாமல் காத்த பண்பு அது.

பின்னர்க் கூட்டம் பெருகிற்று. பத்ருக் களத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேர். மக்கள்தொகையை எழுதிவருமாறு பெருமானார் (ஸல்) ஒருமுறை கட்டளையிட்டபோது ஆயிரத்து ஐந்நூறு பேர் எழுதப்பட்டனர் என ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. கி.பி. 630இல் மக்காவுக்குள் பத்தாயிரம் பேர் நுழைந்தனர். அடுத்து ஹுனைனுக்குப் பன்னீராயிரம் பேர் சென்றனர். அங்கே எண்ணிக்கையைக் கண்டு கொண்ட பெருமிதம் எண்ணியவர்களுக்கு உதவவில்லை என்பதை அருள்மறை தவ்பா அத்தியாயத்தின் 25ஆம் வசனத்தில் எடுத்துரைக்கிறது.

ஹுனைனை அடுத்து நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. போரில் கிடைத்த பொருள்களில் பெரும்பங்கு, புதிதாய் இஸ்லாத்துக்கு வந்த மக்காத் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. அன்சாரிகளின் உள்ளம் நொந்தது. 'யாருமில்லாத நாளில் துணை நின்றவர்கள் நாம். இன்று புதியவர்கள் வந்ததும் நாம் பின்னுக்குப் போனோமோ?' என்ற ஏக்கம் அவர்களிடையே பரவிற்று. வளர்கின்ற கூட்டம் ஒவ்வொன்றிலும் பழைய உறுப்பினர் நெஞ்சில் எழும் ஏக்கமே இது. அதைப் பெருமானார் (ஸல்) கண்டிக்கவும் இல்லை, காணாததுபோல் விடவும் இல்லை. பன்னீராயிரம் பேர் நடுவே அறிவிப்பாகச் சொல்லாமல், அன்சாரிகளை மட்டும் தனியே ஓரிடத்தில் கூட்டினார்கள். அவர்கள் செய்த உதவிகளை ஒவ்வொன்றாய் நினைவுகூர்ந்தார்கள். மற்றவர்கள் ஆடுகளோடும் ஒட்டகங்களோடும் திரும்ப, அன்சாரிகள் அல்லாஹ்வின் தூதரோடு திரும்புவதை எடுத்துக் காட்டினார்கள். தாடி நனைய அழுதனர் அந்த மக்கள். பெருங்கூட்டத்துக்குள் அந்தச் சிறு வட்டம் மீண்டும் உயிர்பெற்றது.

இதனினும் நெஞ்சைத் தொடுவது மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒரு கறுப்பினப் பெண்மணியின் வரலாறு. அவர் இரவில் இறந்தார், அடக்கமும் முடிந்தது. இச்சிறு செய்திக்காகப் பெருமானாரை எழுப்புவானேன் என்று தோழர்கள் கருதியிருந்தனர். அவரைக் காணவில்லையே என்று கேட்டவர் பெருமானார் (ஸல்) ஒருவரே. செய்தி அறிந்ததும், தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று வினவி, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். தோழர்களிடம் அன்பு குறைந்துவிட்டதா? இல்லை. ஒருவர் இல்லாமையைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு குறிப்பிட்ட எவரிடமும் இருக்கவில்லை. கூட்டம் வளரும்போது முதலில் பார்வையிலிருந்து மறைபவர் இத்தகைய எளியவரே. செல்வர் வராவிட்டால் பெரிய பள்ளியிலும் தெரியும். துடைப்பம் ஏந்தியவர் வராவிட்டால் சிறிய பள்ளியில்தான் தெரியும்.

இக்கால அறிவியலாரும் இதையே தம் வழியில் கண்டுரைத்துள்ளனர். ரிங்கெல்மன் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் 1913இல் வெளியிட்ட ஆய்வில், கயிறு இழுப்போர் தொகை கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் வலு குறைந்துவருவதை அளந்து காட்டினார். ஊர் கூடித் தேரிழுக்கும்போது கை மட்டும் வைத்திருப்பவர் உண்டென்பதை நம் ஊரார் அறிவர். அவர் அதற்கு அளவு கொடுத்தார். 1968இல் அமெரிக்காவில் டார்லி, லாத்தனே என்னும் இருவர் நடத்திய சோதனையில், ஒருவர் வலிப்பு வந்து துடிக்கும் குரல் மாணவர்களுக்குக் கேட்குமாறு செய்யப்பட்டது. கேட்பவர் தாம் ஒருவரே என்று எண்ணியபோது நூற்றுக்கு 85 பேர் விரைந்து உதவி தேடினர்; வேறு நால்வரும் கேட்கின்றனர் என்று எண்ணியபோது 31 பேரே எழுந்தனர். கல்நெஞ்சம் காரணமன்று, 'வேறொருவர் பார்த்துக்கொள்வார்' என்ற நினைப்பே காரணம்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் கி.பி. 638இல் கூஃபா நகரம் எழுந்தபோது, பல குலத்தாரும் பல்லாயிரவராய் அங்கே குடியேறினர். அவ்வளவு பேரையும் ஒரு தலைவர் அறிதல் ஆகுமா? ஆகவே மக்கள் சிறு சிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அரீஃப் என்னும் பொறுப்பாளர் அமர்த்தப்பட்டார். அரீஃப் என்ற அரபுச்சொல்லின் வேர் அறிதல் என்பது. தம் மக்களை அறிந்தவர் அவர். உதவித்தொகை அவர் வழியே வீடுகளுக்குச் சென்றது. ஆயினும் அரை நூற்றாண்டுக்குள், உபைதுல்லாஹ் இப்னு ஸியாத் கூஃபாவின் ஆளுநராய் வந்தபோது, தத்தம் பிரிவில் உள்ள அயலாரையும் ஆட்சிக்கு மாறானவர்களையும் எழுதித் தருமாறு அதே அரீஃபுகளுக்கு ஆணை பிறந்தது. உதவி செய்வதற்காக அறிந்த அறிவு, காட்டிக் கொடுக்கும் கருவியாய் மாற்றப்பட்டது. கல்வராயன் மலையில் நாம் கண்ட எச்சரிக்கை இங்கேயும் ஒலிக்கிறது.

தூனிஸில் 1332இல் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், 1377இல் எழுதிய முகத்திமாவில் அஸபிய்யா என்னும் குழுப்பிணைப்பை விரித்துரைக்கிறார். கடின வாழ்வும் ஒருவருக்கொருவர் தேவையும் அப்பிணைப்பை வளர்க்கின்றன. பெருநகரின் வளமும் சுகமும் தலைமுறைதோறும் அதைத் தளர்த்துகின்றன என்பது அவர் கண்ட முடிவு. தளர்வு இயல்பு என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் அதற்கு மருந்தே இல்லை என்று மதீனாவின் வரலாற்றைக் கற்றவர் கூறமாட்டார்.

மருந்து யாது? பெரியதைச் சிதைக்காமல், அதற்குள் சிறியவற்றை உண்டாக்குதல். நம் மாவட்டத்தின் வரலாறும் ஒருவகையில் இதுவே. பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிந்து விழுப்புரம் பிறந்தது. அதிலிருந்து 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையிலிருந்து மனு ஏந்தி இறங்கிவரும் ஒரு மலைவாசி, அதன்பின் எழுபது கிலோமீட்டருக்கு மேல் கடந்து விழுப்புரம் வரை செல்லத் தேவையில்லாமற் போயிற்று. அலுவலகம் அருகில் வந்துவிட்டதால் மட்டும் அங்குள்ளவர் பரிவுடையவராகிவிட மாட்டார் என்பதும் உண்மையே. ஆனால் முகம் பார்த்துப் பேசும் வாய்ப்பு முதற்படியாகும்.

நம் ஜமாஅத்துகள் இதையே செய்யலாம். ஆயிரம் வீடுகளுக்கு ஒரு முத்தவல்லி என்றால், அவர் அறிந்திருப்பது சந்தாப் புத்தகத்தின் பெயர்களைத்தான். தெருவுக்குப் பத்து வீடு என வகுத்து, பத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்றால், யார் இத்தாவில் இருக்கிறார், யார் வீட்டு அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டது என்பவை தெரியவரும். அப்பொறுப்பாளருக்கு ஊர்விலக்குச் சொல்லும் அதிகாரமோ, வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் உரிமையோ கூடாது. நலம் கேட்கும் கடமை மட்டுமே போதும். அண்மையில் வாடகைக்குக் குடிவந்தவரும் அப்பத்தில் ஒருவராக எண்ணப்பட வேண்டும். பழைய குடும்பங்கள் மட்டும் கூடிக்கொள்ளும் வட்டம் வேலியாகிவிடும். வேலிக்குள் உள்ள அன்பு வெளியே நிற்பவருக்குப் பாராமுகமாகவே தெரியும்.

சிறு கூட்டத்தில் பரிவு மழைநீர்போல் தானே வந்து சேர்கிறது. பெருங்கூட்டத்துக்கு அதை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வாய்க்கால் வெட்டாமல் வானத்தை நோவதில் பயனில்லை. வரும் ஜும்ஆவில், நம் பள்ளியைப் பெருக்குபவரின் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம் என்று எண்ணிப் பார்ப்போம். அவர் ஒருநாள் வராவிட்டால் முதலில் கேட்பவர் யார் என்பதையும் அன்றே முடிவு செய்வோம்.